நான்கு பேருக்கு ஒரு கோல்: மண்மதிலை வாசிப்பது எப்படி?

தெற்கு இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் வேர்ஹாம் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. வடக்கே ஓர் ஆறு, தெற்கே ஓர் ஆறு, நடுவில் ஊர். தெற்கே ஃப்ரோம் ஆற்றங்கரையை விட்டுவிட்டால், மற்ற மூன்று பக்கமும் புல் மூடிய உயரமான மண்மேடு ஊரை வளைத்துக்கொண்டு போகிறது. ஏரிக்கரை பார்த்துப் பழகிய கண்ணுக்கு அதுவும் ஒரு கரையாகத்தான் தெரியும். ஆனால் தேக்குவதற்கு உள்ளே தண்ணீர் கிடையாது. அந்தக் கரை தடுத்தது ஆட்களை. சுமார் 1,100 ஆண்டுகளுக்கு முன் கட்டிய நகர மதில் அது.

மதில் என்றதும் நமக்குக் கருங்கல்தான் கண்முன் வரும். ஐரோப்பாவின் தொடக்க இடைக்கால நகரங்களுக்கு, அதாவது ரோமானியப் பேரரசு சரிந்த பிறகு, 11ஆம் நூற்றாண்டுக்கு முன்பு, எழுந்த ஊர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது மண்ணும் மரமும்தான். மரம் மட்கிவிட்டது. மண் சரிந்துவிட்டது. அப்படியானால் அதை யார், எப்போது, எப்படிக் கட்டினார்கள் என்று இன்று எப்படித் தெரிகிறது? இங்கிலாந்தின் ‘பர்ஹ்’ எனப்படும் அரண் நகரங்களை வைத்து இதைப் பார்ப்போம். பழைய ஆங்கிலத்தில் பர்ஹ் என்றால் அரண் சூழ்ந்த இடம். ஆங்கில ஊர்ப்பெயர்களின் வாலில் வரும் ‘பரி’, ‘பரோ’ எல்லாம் இந்தச் சொல்லின் பிள்ளைகள்.

ஓடி ஓடிக் களைத்த ஒரு நாடு

865இல் இங்கிலாந்தில் இறங்கிய டேனியப் பெரும்படை, முந்தைய வைக்கிங் கூட்டங்களைப் போல அடித்துப் பிடுங்கிக்கொண்டு ஊர் திரும்பவில்லை. அங்கேயே தங்கியது. நார்தம்பிரியா, கிழக்கு ஆங்கிலியா, மெர்சியாவின் கிழக்குப் பாதி என்று அங்கிருந்த அரசுகள் ஒவ்வொன்றாக விழுந்தன. மிஞ்சியது தெற்கே வெசெக்ஸ் மட்டும். அதுவும் மயிரிழையில் தப்பியது. 876இல் அந்தப் படை வேர்ஹாமுக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொண்டது. 878 ஜனவரியில் சிப்பனம் என்ற ஊரை அது திடீரென்று பிடித்தபோது, மன்னர் ஆல்ஃபிரட் சதுப்பு நிலத்துக்குள் அதெல்னி என்ற திட்டில் போய் ஒளிய வேண்டியிருந்தது. அதே ஆண்டு மே மாதம் எடிங்டனில் அவர் வென்றதால்தான் வெசெக்ஸ் பிழைத்தது.

வைக்கிங்குகளின் பலம் வேகம். ஆற்றில் படகு, தரையில் குதிரை. மன்னரின் படை ஓரிடத்துக்குப் போய்ச் சேரும்போது அவர்கள் வேறிடத்தில் இருப்பார்கள். அந்தக் காலத்தின் பெரிய வணிக ஊர்களோ திறந்த வீடு மாதிரி கிடந்தன. இன்றைய சவுத்தாம்ப்டன் இருக்கும் இடத்தில் ஹாம்விக் என்ற பெரிய துறைமுக ஊர் இருந்தது. லண்டனில் ரோமானிய மதிலுக்கு வெளியே, ஸ்ட்ராண்ட் பகுதியில், லுண்டன்விக் இருந்தது. இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி மதில் இல்லை.

துரத்துவதை விட்டுவிட்டு நாடு முழுக்க அரண்களை விதைத்துவிடுவது என்பதுதான் ஆல்ஃபிரடும் அவருக்குப் பின் மகன் எட்வர்டும் எடுத்த முடிவு. வெசெக்ஸில் ஏறக்குறைய எந்த ஊர்க்காரரும் 20 மைலுக்குள் ஓர் அரணை எட்டிவிடலாம் என்கிற அளவுக்கு அவை நெருக்கமாக அமைந்தன. மெர்சியாவில் ஆல்ஃபிரடின் மகள் எதெல்ஃபிளெட் இதே வேலையைச் செய்தார்: 913இல் டாம்வொர்த், ஸ்டாஃபோர்ட், 914இல் வாரிக் என்று வரிசையாக. இந்தக் கதையில் அவருக்கு உரிய இடம் இப்போதுதான் மெல்லக் கிடைத்துவருகிறது.

சொன்னதும் எல்லாரும் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம். ஆல்ஃபிரட் உயிரோடு இருந்தபோதே அவரைப் பற்றி எழுதிய ஆஸர் என்ற ஆயர், மன்னர் கட்டச் சொன்ன அரண்களைச் சிலர் தொடங்கவே இல்லை, சிலர் தாமதமாகத் தொடங்கி முடிக்கவில்லை என்று அலுத்துக்கொள்கிறார். 892இல் கென்ட் கடற்கரை வழியாக வந்த புதுப்படை ஒரு கோட்டையை எளிதாகப் பிடித்தது. அது பாதிதான் கட்டி முடிந்திருந்தது என்றும், உள்ளே சில குடியானவர்கள் மட்டும் உட்கார்ந்திருந்தார்கள் என்றும் ஆங்கிலோ-சாக்சன் ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அரசு ஒப்பந்த வேலையைப் பார்த்த யாருக்கும் இது புதிதாக இருக்காது.

ஒரு கணக்கு

இந்த அரண்களைப் பற்றி ஓர் அபூர்வமான ஆவணம் இருக்கிறது. ‘பர்ஹல் ஹைடேஜ்’ என்று பிற்காலத்தவர் அதற்குப் பெயர் வைத்தார்கள். முப்பதுக்கு மேற்பட்ட அரண்களின் பெயர், ஒவ்வொன்றுக்கும் நேராக ஓர் எண். அவ்வளவுதான். வின்செஸ்டர் 2,400, வாலிங்ஃபோர்ட் 2,400, வேர்ஹாம் 1,600, லிட்ஃபோர்ட் 140, லிங் 100.

அந்த எண் ‘ஹைடு’ கணக்கு. ஹைடு என்பது ஒரு குடும்பம் பிழைக்கப் போதுமான நிலம். அளந்து வேலி போட்ட பரப்பு என்பதைவிட, வரிக்கும் ஊழியத்துக்கும் வைத்த அலகு என்று புரிந்துகொள்வது நல்லது. ஆவணத்தின் ஒரு பிரதியில் மட்டும் கடைசியில் கணக்கு வாய்பாடும் எழுதியிருக்கிறது. ஒரு ஹைடுக்கு ஓர் ஆள் வர வேண்டும். மதிலில் ஒரு கோல் நீளத்துக்கு நான்கு ஆள் நிற்க வேண்டும். கோல் என்பது 16½ அடி, ஏறக்குறைய 5 மீட்டர்.

அந்தப் பிரதி 1731இல் லண்டனில் ஒரு நூலகத் தீயில் கருகிப்போனது. 1562இல் லாரன்ஸ் நோவெல் என்பவர் அதைக் கையால் படியெடுத்து வைத்திருந்ததால்தான் வாய்பாடு நமக்கு மிஞ்சியது. ஒருவர் உட்கார்ந்து நகல் எடுக்காமல் போயிருந்தால் அந்த எண்கள் இன்றுவரை விடுகதையாகவே கிடந்திருக்கும்.

இப்போது வின்செஸ்டரை எடுத்துக்கொள்வோம். 2,400 ஹைடு என்றால் 2,400 ஆள். நாலு பேருக்கு ஒரு கோல் என்றால் 600 கோல். 600-ஐ 16½-ஆல் பெருக்கினால் 9,900 அடி. வின்செஸ்டரில் புதிதாக மதில் எழுப்பவில்லை, பழைய ரோமானிய மதிலையே பயன்படுத்திக்கொண்டார்கள். அதன் சுற்றளவை நில அளவையில் எடுத்தால் 9,954 அடி. மூன்று கிலோமீட்டர் மதிலில் வித்தியாசம் 54 அடி, அதாவது 16 மீட்டர்.

முதல்முறை இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தபோது நான் எங்கோ தப்புச் செய்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முன் யாரோ ஒரு அதிகாரி, அளவுக் கோலோ கயிறோ பிடித்துக்கொண்டு, அந்த மதிலைச் சுற்றி நடந்திருக்க வேண்டும்.

ஓர் ஆளுக்கு வருவது 4 அடிக்குச் சற்று மேல். கையை நீட்டினால் பக்கத்தில் நிற்பவர் தோளில் இடிக்கும் தூரம். மதிலை எவ்வளவு நீளத்துக்கு வேண்டுமானாலும் கட்டலாம், நிற்க ஆள் வேண்டுமே! இவர்களுக்கு மதில் என்பது மண்ணும் கல்லும் மட்டும் அல்ல, ஆள் கணக்கு. எல்லா ஊரையும் கூட்டினால் 27,000 ஆளுக்கு மேல் வருகிறது.

இவ்வளவு அழகாகக் கணக்கு பொருந்துவதில் ஓர் ஆபத்தும் உண்டு. எக்ஸிடரைப் பாருங்கள். அதற்கு 734 ஹைடு, அதாவது சுமார் 920 மீட்டர் மதிலுக்கான ஆள். ஆனால் எக்ஸிடரின் ரோமானிய மதில் இரண்டு கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது. பாதி மதிலுக்குக்கூட ஆள் காணாது. சுற்றுவட்டாரத்தில் அவ்வளவுதான் நிலம் இருந்ததா, மதிலின் ஒரு பகுதியைத்தான் காத்தார்களா என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பட்டியல் எழுதிய காலத்திலும் ஒத்த கருத்து இல்லை. எட்வர்டின் காலம், அதாவது 10ஆம் நூற்றாண்டின் தொடக்கம், என்பது வழக்கமான கருத்து. தொல்லியலாளர் ஜெரமி ஹாஸ்லம் அதை ஆல்ஃபிரடின் 878-879க்கே கொண்டுபோகிறார். ஆகவே ‘பட்டியலில் பெயர் இருக்கிறது, ஊரில் மண்மேடு இருக்கிறது, ஆகவே இது ஆல்ஃபிரட் கட்டியது’ என்று சொல்லிவிட முடியாது. மேட்டை வெட்டித்தான் பார்க்க வேண்டும்.

மேட்டை வெட்டினால்

வெட்டுவது என்றால் மேட்டை முழுவதும் கலைப்பது அல்ல. கேக்கில் ஒரு துண்டு எடுப்பதுபோல, மேட்டுக்குக் குறுக்காக, உள்பக்கத்திலிருந்து அகழி வரை, ஒடுங்கிய ஒரு குழி. அதன் பக்கச் சுவரைச் செதுக்கிச் சுத்தம் செய்தால் மண்ணடுக்குகள் நிறம் நிறமாகத் தெரியும். இதற்கு வெட்டுமுகம் என்று பெயர். மண்மதில் ஆய்வில் முக்கால்வாசி இந்த ஒரு சுவரைப் படிப்பதுதான்.

என்ன தெரியும் என்பதற்கு முன், எப்படிக் கட்டினார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். அகழியைத் தோண்டு, வரும் மண்ணை உள்பக்கம் கொட்டு. ஒரே வேலையில் பள்ளமும் மேடும் கிடைத்துவிடும். ஆனால் கொட்டிய மண் சரிவாகத்தான் நிற்கும், யாரும் ஓடி ஏறிவிடலாம். முன்முகம் செங்குத்தாக நிற்க வேண்டுமானால் இரண்டு வழி. புல்லோடு சேர்த்து வெட்டிய மண்கட்டிகளைச் செங்கல் மாதிரி அடுக்கலாம். அல்லது முன்பக்கம் வரிசையாகக் கம்பம் நட்டு, பலகை அடித்து, மேட்டுக்குள் குறுக்கு மரங்களைப் படுக்கவைத்துக் கம்பங்களை உள்ளே இழுத்துப் பிடிக்கலாம். பல ஊர்களில் இரண்டையும் சேர்த்துச் செய்திருக்கிறார்கள். மேட்டுக்கும் அகழிக்கும் நடுவே கொஞ்சம் சமதளம் விடுவார்கள். விடாவிட்டால் மேட்டின் பாரம் தாங்காமல் அகழியின் விளிம்பு இடிந்து, மதிலும் அதோடு போய்விடும்.

இப்போது வெட்டுமுகத்தைப் பாருங்கள். புல்கட்டிகள் மட்கிய பிறகும் தடயத்தை விட்டுப்போகும். புல்லும் வேரும் இருந்த பக்கம் கறுப்புக் கோடு, மண் இருந்த பக்கம் வெளிறிய பட்டை. கறுப்பு, வெளுப்பு, கறுப்பு, வெளுப்பு என்று வரிவரியாக. கம்பம் நட்ட இடத்தில் மரம் போய்விட்டாலும், அந்தக் குழிக்குள் பிறகு இறங்கிய மண் சுற்றியுள்ளதைவிடக் கறுத்து, தளர்ந்து கிடக்கும். மேலிருந்து பார்த்தால் கறுப்பு வட்டங்கள் ஒரே கோட்டில் வரிசைகட்டி நிற்கும். மேட்டின் அடியில், அது கட்டப்படும் முன் இருந்த நிலத்தின் மேற்பரப்பு அப்படியே மூடிக்கிடக்கும். என்னைக் கேட்டால் மதிலைவிட அந்த அடித்தளம்தான் சுவாரசியமானது. மதில் கட்டுவதற்கு முந்தைய நாள் அங்கே என்ன இருந்தது என்பதை அது மூடிப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறது.

வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெரிஃபோர்ட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஊரின் மேற்கே விக்டோரியா தெருப் பக்கம் பழைய மதில் வரிசையை அகழ்ந்தபோது, அடியிலிருந்து மேலே ஒரு முழு வரலாறே அடுக்கடுக்காக வந்தது. எல்லாவற்றுக்கும் கீழே தானியம் உலர்த்தும் அடுப்புகள். ஈரமான அந்தச் சீதோஷ்ணத்தில் கதிரை வெயிலில் காயவைத்தால் போதாது, சூடு காட்ட வேண்டும். அடுப்புக்கு வைத்த கற்கள் பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்து பெயர்த்து வந்தவை. ஆக, மதில் வருவதற்கு முன்பே அங்கே அறுவடை, உலர்த்தல் என்று பிழைப்பு நடந்துகொண்டிருந்திருக்கிறது. அதற்கு மேலே கொரகொரப்பான சரளை மண்ணில் முதல் கரையும் அகழியும். அதற்கும் மேலே, முன்னதைவிடப் பெரிதாக, புல்கட்டியும் மரமும் சேர்த்த மதில். பிறகு அதன் முன்முகத்தில் கல்சுவர்.

914இல் கடல்வழி வந்த ஒரு வைக்கிங் படையை ஹெரிஃபோர்ட், குளொஸ்டர் ஆட்களும் பக்கத்து அரண்களின் ஆட்களும் சேர்ந்து முறியடித்தார்கள் என்று ஆண்டுக்குறிப்பு சொல்கிறது. அப்போது அந்தப் புல்மதில் நின்றிருக்க வேண்டும். மேலே போனால் கதை தொடர்கிறது. 1055இல் வேல்ஸ் படை ஊரைக் கொளுத்திய பின், ஹெரால்ட் காட்வின்சன் மறுபடி அகழி வெட்டவைத்தார். பதினொரு ஆண்டு கழித்து, பிரான்சிலிருந்து படையெடுத்து வந்த நார்மானியரிடம் ஹேஸ்டிங்ஸ் போரில் விழுந்த அதே ஹெரால்ட்தான்.

இந்த அடுக்கு ஒரு முக்கியமான விஷயத்தைச் சொல்கிறது. மதிலை ‘கட்டிய ஆண்டு’ என்று ஒன்று கிடையாது. மரம் ஈரமண்ணில் சில பத்தாண்டுகளில் மட்கிவிடும். அகழியில் சேறு ஏறும். ஒரு தலைமுறை கைவிட்டால் அடுத்த தலைமுறை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். அதனால்தான் பாலம் கட்டுவது, அரண் கட்டுவது, படைக்குப் போவது என்று மூன்று ஊழியங்களை நிலம் வைத்திருந்தவர்கள் தட்டவே முடியாத கடமையாக்கினார்கள். மற்ற எல்லாச் சுமையிலிருந்தும் விலக்குத் தரும் பட்டயங்கள்கூட இவற்றை விடுவதில்லை. மெர்சியாவில் 749ஆம் ஆண்டுப் பட்டயத்திலேயே பாலமும் அரணும் வந்துவிடுகின்றன. அது ஆல்ஃபிரடுக்கு நூறு ஆண்டு முன்பு. அவர் எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, இருந்த வழக்கத்தை விடாப்பிடியாகப் பெருக்கினார் என்பதுதான் சரி. பிற்பாடு, எட்வர்டின் மகன் ஏத்தல்ஸ்டன் சட்டமே போட்டார். வசந்தகாலத்தில் வரும் ஒரு வேண்டுதல் திருநாளுக்குப் பிறகு பதினான்கு நாளுக்குள் ஒவ்வொரு பர்ஹும் செப்பனிடப்பட்டிருக்க வேண்டும்.

காலத்தை எப்படிச் சொல்வது?

அலமாரித் தட்டில் விரித்த நாளிதழை நினைத்துக்கொள்ளுங்கள். தாளில் 1987 என்று தேதி இருந்தால், மேலே உள்ள டப்பாக்கள் 1987க்குப் பிறகு வைத்தவை. எவ்வளவு பிறகு என்று தாள் சொல்லாது. மேட்டுக்கு அடியில் கிடைக்கும் காசும் பானையோடும் அப்படித்தான். அவற்றுக்குப் பின்புதான் மேடு. அடுத்த மாதமாகவும் இருக்கலாம், இருநூறு ஆண்டு கழித்தாகவும் இருக்கலாம்.

இன்னொரு பொறி, மேட்டுக்கு உள்ளே கிடைப்பது. வேர்ஹாம் மேட்டில் ரோமானியக் காலத்துப் பானையோடுகள் உண்டு. அதை வைத்து மதில் ரோமானியருடையது என்று சொன்னால் தப்பு. பழைய குடியிருப்பு நிலத்தை வெட்டி மேட்டில் கொட்டியபோது அந்த ஓடுகளும் மண்ணோடு ஏறிக்கொண்டன. ஓட்டின் வயது மண்ணின் வயது, மதிலுடையது அல்ல.

அகழி இன்னும் ஏமாற்றும். அகழி என்பது அடிக்கடி தூர்வாருகிற ஒன்று. ஒவ்வொரு முறை தூர்வாரும்போதும் பழைய சேறும் அதில் விழுந்த பொருளும் வெளியே போய்விடும். ஆகவே அடியில் நாம் எடுப்பது முதல் நாள் குப்பை அல்ல, கடைசியாகத் தூர்வாரிவிட்டு மறந்துபோன பிறகு விழுந்த குப்பை. அகழி எப்போது பிறந்தது என்பதைவிட எப்போது கைவிடப்பட்டது என்பதைத்தான் அது ஒழுங்காகச் சொல்லும்.

மரத்துண்டு நல்ல நிலையில் கிடைத்தால் அதன் வளையங்களை எண்ணி வெட்டிய ஆண்டையே சொல்லிவிடலாம். டென்மார்க் எல்லையிலுள்ள தானவிர்க்க என்ற நீண்ட மண்மதிலின் ஒரு கட்டத்துக்கு 737 என்று துல்லியமாக ஆண்டு கிடைத்தது அப்படித்தான். இங்கிலாந்தின் மேடுகளில் மரம் அந்த அளவுக்குத் தங்குவது அரிது. கரித்துண்டை வைத்துக் கரிமக் கணிப்புச் செய்தால் ஆண்டு வராது, ஒரு கால இடைவெளிதான் வரும். ஆல்ஃபிரடா அவர் மகனா என்று பிரித்துச் சொல்ல அது போதாது. இருவருக்கும் நடுவே ஒரு தலைமுறைதான் இடைவெளி.

எழுத்து கைகொடுப்பது இங்கேதான். 914இல் எட்வர்ட் பக்கிங்ஹாமில் நான்கு வாரம் தங்கி, ஆற்றின் இருபுறமும் அரண் எழுப்பினார் என்கிறது ஆண்டுக்குறிப்பு. நான்கே வாரம்! கல்லில் நடக்கிற காரியமா அது? மண்ணும் புல்கட்டியும் மரமும்தான். வெட்டுமுகங்களில் முதல் கட்டம் எப்போதும் ஏன் அப்படி இருக்கிறது என்பது இதைப் படித்ததும் விளங்கிவிடுகிறது. 917இல் டவ்செஸ்டரில் கல்மதில் எழுப்பும்வரை மன்னர் பக்கத்து ஊரில் படையோடு காத்திருந்தார் என்றும் அதே குறிப்பு சொல்கிறது. அதைத் தனியாக எழுதிவைக்கத் தோன்றியதே, கல் அப்போது எவ்வளவு அரிது என்பதைக் காட்டுகிறது.

கிரிக்லேட்: கட்டியதும் கலைத்ததும்

தேம்ஸ் ஆற்றின் மேல்பகுதியில் இருக்கும் கிரிக்லேட், ஏறக்குறையச் சதுரமான ஊர். ராலி ராட்ஃபோர்ட் 1948 முதல் இங்கே பல ஆண்டு அகழ்ந்தார். 1975இல் ஹாஸ்லம் மறுபடி வெட்டிப் பார்த்தார். களிமண்ணும் புல்கட்டியும் அடுக்கிய மேடு. அதன் உள்பக்க அடிவாரத்தில், காவல் ஆட்கள் விரைந்து நடக்க, கல் பாவிய ஒரு நடைபாதை. வெளியே சமதளம், அப்புறம் இரண்டு சிறிய அகழி, அதற்கும் அப்பால் அகலமான ஒன்று. ஆக மூன்று அகழி. மேலிருந்து வீசுகிறவர் கைக்கு எட்டும் தூரத்தில் எதிரியைத் தடுமாற வைக்கிற ஏற்பாடு. பிறகு மேட்டின் முன்பக்கத்தை வெட்டிக் கல்சுவர் வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கல்சுவர் தானாக இடிந்து விழவில்லை. வேண்டுமென்றே பெயர்க்கப்பட்டு, கற்கள் அகழிகளுக்குள் தள்ளப்பட்டிருக்கின்றன. தானாக விழும் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக விழும், நடுநடுவே சேறும் மட்கிய இலையும் படியும். இங்கே கல் ஒரே மூச்சாக இறங்கியிருக்கிறது. யார் செய்தது? ஹாஸ்லம் டேனிய மன்னர் கனூட்டைக் கைகாட்டுகிறார். 1016இல் கனூட்டின் படை தேம்ஸைக் கடந்தது கிரிக்லேட் வழியாகத்தான். நாட்டைப் பிடித்த பிறகு, நாளைக்கு யாராவது தனக்கு எதிராக உள்ளே புகுந்துகொள்ளக் கூடாது என்று அரண்களின் பல்லைப் பிடுங்கியிருக்கலாம். சாமர்செட்டில் சவுத் காட்பரிக் குன்றின் மேல், மன்னர் ஏத்தல்ரெட் 1010 வாக்கில் எழுப்பிய கல்மதிலும் சில ஆண்டுகளிலேயே கைவிடப்பட்டுப் பெயர்க்கப்பட்டது. எனக்கு இந்த விளக்கம் பிடித்திருக்கிறது. ஆனால் பிடித்திருக்கிறது என்பதற்காகவே கொஞ்சம் சந்தேகத்தோடு வைத்திருக்கிறேன். தரையில் கிடந்த கல் ‘என்னைத் தள்ளினார்கள்’ என்று சொல்கிறது, தள்ளியவர் பெயரைச் சொல்லவில்லை.

காட்பரியில் இன்னொரு லாபம் உண்டு. அங்கே மதிலின் வாசலையே முழுதாக அகழ்ந்து பார்க்க முடிந்தது. மற்ற ஊர்களில் வாசல் கிடைப்பது குதிரைக்கொம்பு. காரணம் எளிது. பழைய வாசல் இருந்த இடத்தில்தான் இன்றும் சாலை போகிறது. பேருந்தும் லாரியும் ஓடுகிற சாலையை யார் வெட்ட விடுவார்கள்? அதனால் மதிலைப் பற்றித் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்குகூட வாசலைப் பற்றித் தெரியாது. சண்டையின்போது முதலில் அடி விழுந்த இடமோ வாசல்தான்.

உள்ளே இருந்தது ஊரா, வெறும் கோட்டையா?

வின்செஸ்டரில் 1961 முதல் பத்தாண்டு மார்ட்டின் பிடில் நடத்திய அகழாய்வு இந்தக் கேள்விக்கு ஒரு பெரிய விடை தந்தது. ஊரின் நேர்கோட்டுத் தெருக்களை ரோமானியர் விட்டுப்போனவை என்றே எல்லாரும் நினைத்திருந்தார்கள். பார்த்தால் ரோமானியத் தெருக்களோடு அவை ஒத்துப்போகவே இல்லை. மதிலை ஒட்டி உள்புறமாக ஒரு தெரு சுற்றி ஓடுகிறது, ஆட்களை எந்தப் பக்கத்துக்கும் உடனே அனுப்ப. மற்ற தெருக்கள் அதில் வந்து சேர்கின்றன. 1067இல் நார்மானியர் கட்டிய கோட்டையின் அடியில் அந்தத் தெருக்கள் மாட்டிக்கொண்டன. தோண்டினால் ஒன்றன்மேல் ஒன்றாகப் பலமுறை கல் பாவிய தளங்கள். நார்மானியருக்கு நெடுங்காலம் முன்பே தெருக்கள் வந்துவிட்டன, மதிலும் தெருவும் ஒரே திட்டத்தின் இரு பக்கம் என்று பிடிலும் டேவிட் ஹில்லும் 1971இல் எழுதினார்கள்.

அதற்காக எல்லாப் பர்ஹும் ஊராகிவிடவில்லை. 10ஆம் நூற்றாண்டில் 20 பென்னிக்கு மேற்பட்ட பொருளை ஊருக்கு வெளியே விற்று வாங்கக் கூடாது என்று ஏத்தல்ஸ்டன் சட்டம் வைத்தார். காசு அடிப்பவர்களையும் ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்தார்: லண்டனுக்கு எட்டு பேர், வின்செஸ்டருக்கு ஆறு, வேர்ஹாமுக்கு இரண்டு. மதிலுக்குள் சந்தையும் காசுச்சாலையும் வந்த இடம் ஊராக வளர்ந்தது. வராத இடம் நின்றுவிட்டது. பட்டியலில் இருக்கும் லிங், பர்ஃபம், ஈஷிங் எல்லாம் இன்று சின்னக் கிராமங்கள். சாஷஸ் என்பதோ தேம்ஸ் நடுவே ஒரு தீவு. 1,000 ஹைடு குறித்திருந்த அந்த இடத்தில் இன்று ஊரே இல்லை.

வாலிங்ஃபோர்டில் மதில் மூன்று பக்கம், நாலாவது பக்கம் தேம்ஸ். அவ்வளவு பெரிய மதில், 2,400 ஆள் கணக்கு. ஆனாலும் 1006இல் வைக்கிங் படை வந்து ஊரைக் கொளுத்திவிட்டுப் போனது. மதில் அங்கேதான் இருந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து அந்த 2,400 பேரும் வந்து நின்றார்களா என்பதை எந்த வெட்டுமுகத்திலும் படிக்க முடியாது.

கடைசியாக வேர்ஹாமுக்கே திரும்புவோம். மேற்கு மதிலில் 1952 முதல் 1954 வரை அகழாய்வு நடந்தது. கொட்டிய மண்ணில் ஒரு மேடு, பிறகு அதன் தலையில் ஒரு கல்சுவர், அதற்கும் பிறகு மறுபடி உயர்த்திய மண் என்று கட்டம் கட்டமாக வந்தது. 1685இல் மன்மத் பிரபு மன்னருக்கு எதிராக நடத்திய கிளர்ச்சி தோற்றபின் கிளர்ச்சிக்காரர்களைக் கொன்ற இடமும் அந்த மேற்கு மதில்தான். ‘இரத்தக் கரை’ என்றே அதன் ஒரு பகுதிக்குப் பெயர். இவற்றுக்கெல்லாம் மேலே இன்னொரு கட்டமும் உண்டு. 1940இல் ஜெர்மானியர் எந்த நேரமும் கரை இறங்கலாம் என்ற பயத்தில், டாங்கிகள் ஏற முடியாதபடி மேற்கு மேட்டின் வெளிச்சரிவை மறுபடி வெட்டிச் செங்குத்தாக்கினார்கள். இன்று அந்தப் பக்கம் போய் நின்று, ‘ஆல்ஃபிரட் காலத்தில் எவ்வளவு செங்குத்தாகக் கட்டியிருக்கிறார்கள்!’ என்று அண்ணாந்து வியக்கிறவர் பார்த்துக்கொண்டிருப்பது அந்த 1940ஆம் ஆண்டு வேலையை.